தையல் நம்முடையது, லேபிள் யாருடையது?

வீட்டு மாடியிலிருந்து சொந்த ஆடை பிராண்ட் தொடங்க நினைக்கும் வெள்ளானூர், ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்துக்கு ஒரு நேர்க் கணக்கு

காலை ஏழரை மணிக்கு ஆவடி–செங்குன்றம் சாலையில், வெள்ளானூர்ப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கையில் டிபன் பை, கழுத்தில் அடையாள அட்டையுடன் பெண்கள் பஸ்ஸுக்கும் கம்பெனி வேனுக்கும் காத்திருப்பார்கள். அதில் ஒருவர் பகல் முழுக்கக் காலர் மட்டும் தைப்பார். இன்னொருவர் பாக்கெட் மட்டும். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். சாயங்காலம் வீடு திரும்பினால் வாசலில் இன்னொரு வேலை காத்திருக்கும்: ‘பிளவுஸ், சுடிதார் தைத்துத் தரப்படும். ஆரி ஒர்க் செய்யப்படும்’ என்று கேட்டில் கட்டிய சின்ன ஃப்ளெக்ஸ் போர்டு. மாடி அறையில் மகளோ மருமகளோ ரிங் லைட்டைப் போட்டுக்கொண்டு, “புது கலெக்ஷன் வந்திருக்கு பிரண்ட்ஸ், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் பண்ணுங்க” என்று லைவில் பேசிக்கொண்டிருப்பார்.

இந்த மூன்று வேலைகளும் ஒரே தெருவில், பல சமயம் ஒரே வீட்டில் நடக்கின்றன. தைக்கத் தெரிந்தவரும் விற்கத் தெரிந்தவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். ஆனாலும் தைப்பது யாரோ ஒருவரின் லேபிளுக்கு. விற்பது இளம்பிள்ளையிலிருந்தோ சூரத்திலிருந்தோ வந்த இன்னொருவரின் சரக்கை. ‘நாமே ஒரு பிராண்ட் ஆரம்பித்தால் என்ன?’ என்ற கேள்வி இப்போது இந்த வட்டாரத்தில் கல்லூரி கேன்டீன் முதல் மகளிர் குழுக் கூட்டம் வரை கேட்கிறது. கேள்வி நியாயமானது. அதற்குச் சொல்லப்படும் பதில்கள்தான் கவலை தருகின்றன. நல்ல லோகோ, நாலு ரீல்ஸ், ஒரு போட்டோ ஷூட் இருந்தால் போதும் என்று நம்பி இறங்குபவர்கள் முதல் தீபாவளி முடிவதற்குள் கட்டில் அடியில் அட்டைப்பெட்டிகளோடு நிற்கிறார்கள்.

அறுபது வருடக் கைப்பழக்கம்

இந்த வட்டாரத்துக்குத் தையல் புதிதல்ல. ஆவடியில் ராணுவ உடைத் தொழிற்சாலை 1961-ல் தொடங்கியது. படைவீரர்களின் சீருடை அங்கே தைக்கப்பட்டது. 2021 அக்டோபரில் பாதுகாப்புத் துறையின் ஆயுதத் தொழிற்சாலைகள் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட்டின் கீழ் அது வந்தது. 1964-ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் ஏற்றுமதி ஆடை நிறுவனங்கள் வளர்ந்தன. ஊரின் பெயரையே தன் பெயரில் கொண்ட அம்பத்தூர் குளோத்திங் அவற்றில் ஒன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகளில் தொங்கும் சட்டைகளை நம் ஊர்க் கைகள் பல்லாண்டுகளாகத் தைத்து வருகின்றன.

சென்னையில் தைக்கும் தொழிலிலிருந்து சொந்தப் பெயருக்கு நகர்ந்தவர்களும் உண்டு. 1939-ல் தொடங்கிய நாயுடு ஹால், பெண்களுக்கான உள்ளாடைத் தையலில் பெயர் எடுத்தே வளர்ந்தது. 1993-ல் சென்னையில் பிறந்த கலர்ப்ளஸ், பருத்திச் சட்டைக்கும் பேன்ட்டுக்கும் தனி மதிப்பை உண்டாக்கியது. பிறகு அதை ரேமண்ட் வாங்கிக்கொண்டது. காவல் துறை உயர் அதிகாரியாக இருந்து வெளியே வந்த வெங்கடேஷ் ராஜகோபால் 1988-ல் செலிப்ரிட்டி ஃபேஷன்ஸ் என்ற ஏற்றுமதி நிறுவனத்தைத் தொடங்கினார். பிறருக்குத் தைத்துக் கொடுத்த பன்னிரண்டு வருட அனுபவத்துக்குப் பிறகு, 2000-ல்தான் இந்தியன் டெரெய்ன் என்ற சொந்த பிராண்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் துணி, அளவு, தரச் சோதனை, வாங்குபவர் திருப்பி அனுப்பும் சரக்கின் நஷ்டம் எல்லாமே அடிபட்டுக் கற்ற பாடங்களாக அந்த நிறுவனத்துக்குள் வந்து சேர்ந்திருக்கும். வெள்ளானூரில் இன்று தொடங்குபவருக்கு அத்தனை வருடம் கிடையாது. அதே பாடங்களை நூறு, இருநூறு பீஸில் கற்றாக வேண்டும்.

முதல் முடிவு: எதைத் தைப்பது?

இப்போது தொடங்குபவர்களில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது பிரிண்ட் போட்ட ஓவர்சைஸ் டி-ஷர்ட். காரணம் எளிது. திருப்பூரில் பிளைன் டி-ஷர்ட் ரெடியாகக் கிடைக்கிறது, சென்னையிலேயே டி.டி.எஃப். பிரிண்ட் போட்டுத் தருகிறார்கள், ஒரு பீஸ் கூடப் போடலாம். நுழைவது சுலபம் என்பதாலேயே அது கடினமான சந்தை. உங்களுக்குச் சுலபமாகக் கிடைத்தது பக்கத்துத் தெருக்காரருக்கும் அதே சுலபத்தில் கிடைக்கும். சட்டையும் ஒன்று, அச்சும் ஒன்று என்றானபின் விலையைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

இந்த வட்டாரத்தின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மொபைல் வைக்க ஆழமான பாக்கெட் உள்ள குர்த்தி. தாய்ப்பால் கொடுக்கும் தாய்க்கு ஜிப் உறுத்தாத நைட்டி. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் ஷாப் ஃப்ளோர் தொழிலாளிக்கு அக்குள் கிழியாத சட்டை. ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாக்களுக்கு முன்பக்கம் கொக்கி வைத்த, கை தூக்கினால் இழுக்காத ரெடிமேட் பிளவுஸ். இதையெல்லாம் அணிந்து பார்த்து, “இங்க பிடிக்குது” என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் ஆட்கள் அதே தெருவில் இருக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்துத் தேடும் சோதனைக் குழு அது. ஒரே ஒரு உடை, அதைச் சரியாகத் தைப்பது: இங்கே தொடங்குபவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

வேட்டி ஒரே உடைதான். 1983-ல் திருப்பூரில் கே.ஆர். நாகராஜன் அதை வைத்துத் தொடங்கியபோது, இளைஞர்கள் பேன்ட்டுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். தந்தை ராமசாமியின் பெயரிலிருந்து ‘ராம்’, தன் பெயரிலிருந்து ‘ராஜ்’ எடுத்து அவர் வைத்த ‘ராம்ராஜ்’ என்ற பெயர் இன்று தென்னிந்தியா முழுக்கத் தெரியும். குறைந்துகொண்டே போன ஒரு பழக்கத்தில் அவர் சந்தையைக் கண்டார். பிறகுதான் சட்டை, பனியன் என்று விரிந்தது.

சாம்பிள் என்ற தேர்வு

துணிக்கு எங்கே போவது என்பது பெரிய ரகசியமல்ல. பாரிமுனையில் கோடவுன் தெரு, ரெடிமேடுக்குப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, பின்னலாடைக்குத் திருப்பூர், காட்டனுக்கு ஈரோட்டு ஜவுளிச் சந்தை. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் கழிந்த சரக்கு மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதை வாங்கித் தன் லேபிளைத் தைத்து விற்பவர் அடுத்த முறை அதே சட்டையைக் கேட்கும் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வார்? அந்த லாட் தீர்ந்தால் தீர்ந்தது. திரும்பத் திரும்ப அதே தரத்தில் கொடுக்க முடியாத பொருளின்மேல் பெயரை ஒட்டுவது பெயரைத் தானே கெடுத்துக்கொள்வதுதான்.

துணி வாங்கும்போது மில் சொல்லும் ஜி.எஸ்.எம்.மை அப்படியே நம்பக் கூடாது. ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பதே அந்த எண். நூறு சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டும் சிறு கருவி கிடைக்கிறது. வெட்டிய துண்டை எடை போட்டு நூறால் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும். 180 ஜி.எஸ்.எம். துணியில் கிலோவுக்குச் சாதாரண டி-ஷர்ட் நாலரை வரை வெட்டலாம். 240 ஜி.எஸ்.எம்.மில் ஓவர்சைஸ் என்றால் மூன்றுதான் தேறும். கட்டிங் மாஸ்டர் மார்க்கர் போடுவதில் காட்டும் கவனத்தைப் பொறுத்து இது ஏறும், இறங்கும். லாபம் முதலில் தீர்மானமாவது கட்டிங் மேசையில்தான்.

அடுத்தது சுருக்கம். சாம்பிள் தைத்து, அளந்து எழுதி, மூன்று முறை வீட்டு வாஷிங் மெஷினில் துவைத்து, வெயிலில் காயப்போட்டு மறுபடி அளக்க வேண்டும். நீளத்தில் ஒரு அங்குலம் குறைந்துவிட்டால், துணியை முன்கூட்டியே சுருக்கும் காம்பாக்டிங் சரியில்லை என்று பொருள். தையல் ஓரமாகத் திரும்பி முறுக்கிக்கொண்டால் துணியே சரியில்லை. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு சாம்பிளும் சில நாள் பொறுமையும். இதைத் தவிர்த்தவர்கள் முந்நூறு பீஸ் தைத்த பிறகு வாடிக்கையாளர் வீட்டு வாஷிங் மெஷினிலிருந்து அதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

அளவு அட்டவணைதான் இன்னும் பெரிய பள்ளம். ஒரு கடையின் ‘எல்’ இன்னொரு கடையின் ‘எக்ஸ்எல்’. நம் நாட்டு நிறுவனங்கள் பலவும் அமெரிக்க, பிரிட்டன் அளவுகளைக் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்திவந்தன. இந்தியர்களின் உடலுக்கென்றே அளவு காண, தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட் ‘இந்தியா சைஸ்’ என்ற ஆய்வை மேற்கொண்டது. ஆறு நகரங்களில் 25,000 பேருக்கு மேல் அளக்க அந்த ஆய்வு திட்டமிட்டது. சிறிய பிராண்டுக்கு அவ்வளவு பெரிய ஆய்வு தேவையில்லை. தெருவில் முப்பது பெண்களின் மார்பு, தோள், கைச் சுற்றளவை அளந்து எழுதிய ஒரு நோட்டு, இணையத்தில் நகல் எடுத்த எந்த அட்டவணையையும்விட வெள்ளானூர்க்காரருக்கு அதிகம் உதவும். முப்பது வருடமாகப் பிளவுஸ் தைக்கும் அக்காவிடம் அந்த நோட்டு ஏற்கெனவே இருக்கும்.

பணம் எங்கே சிக்குகிறது?

தொழில் தெரியாததால் மூடுபவர்கள் குறைவு. பணம் சரக்காக மாறி, சரக்கு பணமாகத் திரும்பாததால் மூடுபவர்களே அதிகம். மூன்று டிசைன், இரண்டு கலர், ஐந்து சைஸ் என்று தொடங்கினாலே முப்பது வகை ஆகிவிடுகிறது. வகைக்குப் பத்து என்றால் முந்நூறு பீஸ். மீடியமும் லார்ஜும் முதல் வாரத்தில் போய்விடும். ஸ்மாலும் டபுள் எக்ஸ்எல்லும் தங்கும். “லார்ஜ் இருக்கா?” என்று கேட்டு வருபவரிடம் இல்லை என்று சொல்லும்போதே, அலமாரியில் ஸ்மால் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரே டிசைனை ஐந்து சைஸில், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல்லை இரு மடங்காக வெட்டித் தொடங்குங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

[பெட்டி] 75 சட்டை விற்று 3,000 ரூபாய்

புரிந்துகொள்வதற்காக ஒரு மாதிரிக் கணக்கு. துணி, கட்டிங், தையல், பிரிண்ட், லேபிள் எல்லாம் சேர்த்து வரி நீங்கலாக ஒரு டி-ஷர்ட் அடக்கவிலை 260 ரூபாய் என்று வையுங்கள். விற்பனை விலை 599. அதில் 5 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 28.50 போக 570 கையில். கூரியர் 70, பேக்கிங் 15, அந்த ஆர்டரைக் கொண்டுவந்த விளம்பரச் செலவு 100. மிச்சம் 125.

நூறு ஆர்டர் கேஷ் ஆன் டெலிவரியில் போகிறது. அதில் 25 பார்சல் வாங்கப்படாமல் திரும்புகிறது. திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போன கூரியர் 70, வந்த கூரியர் 70, பேக்கிங் 15, விளம்பரம் 100. ஆக 255. மொத்தம் 6,375 ரூபாய். விற்ற 75 சட்டையில் கிடைத்தது 9,375. கழித்தால் 3,000. சட்டைக்கு 40 ரூபாய். இதில் உங்கள் சம்பளம் இல்லை, வட்டி இல்லை, கரண்ட் பில் இல்லை. திரும்பி வந்த 25 சட்டையும் மறுபடி அயர்ன் பண்ணி விற்கும் நிலையில் இருந்தால்தான் இந்தக் கணக்கும் நிற்கும். [பெட்டி முடிவு]

ஆர்.டி.ஓ. என்று கூரியர்க்காரர்கள் சொல்லும் இந்தத் திரும்பி வரும் பார்சல்தான் ஆன்லைன் துணி வியாபாரத்தின் கசிவு. செங்குன்றம், சோழவரம் பக்கம் பெரிய குடோன்கள் இருப்பதால் அனுப்பும் வசதி கூடியிருக்கிறது. திரும்பி வருவது அதனால் குறையவில்லை. முன்பணம் கட்டுபவருக்கு விலையில் சலுகை, அனுப்பும் முன் போனில் ஒரு உறுதி, துணியை இழுத்துக் காட்டும் நேர்மையான வீடியோ ஆகியவை குறைக்கும். எல்லாவற்றையும்விட அதிகம் குறைப்பது பக்கத்திலேயே விற்பது. ஆவடி, அம்பத்தூர், பட்டாபிராம் வட்டாரத்தில் முதல் ஐநூறு வாடிக்கையாளர்களைச் சம்பாதிக்க இன்ஸ்டாகிராம் தேவையே இல்லை. கம்பெனி வாசல், கல்லூரி விழா, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் ஸ்டால் போதும். போட்டுப் பார்த்து வாங்கிய நைட்டி கூரியரில் திரும்பி வராது.

உண்மையைச் சொல்லி விற்பதன் வலிமைக்கு நம் ஊர்த் துணியே சாட்சி. 1958-ல் அமெரிக்கத் துணி இறக்குமதியாளர் வில்லியம் ஜேக்கப்சன், கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து மெட்ராஸ் செக் துணியை வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். சாயம் போகும், குளிர்ந்த நீரில் மெதுவாக அலச வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்குபவர்களைச் சென்று சேரவில்லை. புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் அந்த உடைகளை வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். பிறகு விளம்பரத்தைத் தலைகீழாக்கினார்கள். சாயம் போவதுதான் இந்தத் துணியின் அழகு, ஒவ்வொரு துவைப்பிலும் நிறங்கள் ஒன்றில் ஒன்று கலந்து புதிதாகும் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றார்கள். சாயம் போகும் துணிக்கு அதன் பிறகு மவுசு கூடியது. முதலில் வந்த கோபம் சாயத்தால் வந்ததல்ல, சொல்லாமல் விட்டதால் வந்தது. உங்கள் காட்டன் குர்த்தி முதல் துவைப்பில் நிறம் விடும் என்றால், அதைக் கழுத்து லேபிளிலேயே தமிழில் அச்சடித்துவிடுங்கள்.

பெயருக்கு ஒரு பத்திரம்

மனை வாங்கினால் முதலில் பத்திரம் பார்க்கிறோம். பிராண்ட் பெயருக்கு அதைச் செய்வதில்லை. இரண்டு வருடம் பாடுபட்டு வளர்த்த இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு ஒரு நாள் வக்கீல் நோட்டீஸ் வரும்: இந்தப் பெயர் எங்களுடையது, உடனே நிறுத்துங்கள். லேபிள், கவர், பேனர், பக்கத்தின் பெயர் எல்லாவற்றையும் தூக்கி எறிந்து மறுபடி தொடங்க வேண்டும்.

லோகோவுக்குப் பணம் கொடுக்கும் முன் வணிகச் சின்னப் பதிவேட்டின் இணையத் தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்க எந்தக் கட்டணமும் இல்லை. உடைகளுக்கு 25-ம் வகுப்பு. உச்சரிப்பில் ஒத்த பெயர்களையும் தேட வேண்டும். ‘காட்டன் குர்த்தி’, ‘பெஸ்ட் நைட்டி’ போலப் பொருளையே விவரிக்கும் பெயர்களுக்குப் பதிவு கிடைப்பது கடினம். விண்ணப்பித்ததும் டி.எம். குறி போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் பதிவு முடிந்த பிறகே போட வேண்டும். அதற்கு முன் போடுவது சட்டப்படி தவறு. சென்னைக்கான பதிவு அலுவலகம் கிண்டியில் இருக்கிறது, விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே அனுப்பலாம்.

[பெட்டி] காகித வேலை: எது, எவ்வளவு?

வணிகச் சின்னம்: தனிநபர், சிறு நிறுவனங்களுக்கு இணையவழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000. வணிகச் சின்ன இதழில் வெளியான பிறகு ஆட்சேபணைக்கு நான்கு மாதம். பதிவு பத்து வருடத்துக்குச் செல்லும், புதுப்பிக்கலாம்.

உத்யம் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) பதிவு: இலவசம். பணம் கேட்பவர்கள் இடைத்தரகர்கள்.

ஜி.எஸ்.டி.: தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. பெங்களூருக்கு ஒரு பார்சல் அனுப்பத் தொடங்கினால் பதிவு தேவைப்படும். 2023 அக்டோபர் முதல், வரம்புக்குக் கீழ் உள்ள சிறு விற்பனையாளர்கள் மாநிலத்துக்குள் ஆன்லைன் சந்தைகளிலும் பதிவின்றி விற்கலாம், சேர்க்கை எண் மட்டும் பெற வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையான உடைக்கு வரி 5 சதவீதம், அதற்கு மேல் 18.

லேபிள்: தயாரிப்பவர் பெயர், முகவரி, சைஸ், அதிகபட்ச சில்லறை விலை, வாடிக்கையாளர் தொடர்புகொள்ள எண், மின்னஞ்சல் இருக்க வேண்டும். [பெட்டி முடிவு]

கடன்: வாங்கும் முன் ஒரு பேச்சு

வெள்ளானூருக்கு ஒரு சாதகம் உண்டு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப் பகுதிக்கு மானியம் அதிகம். உற்பத்தித் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 50 லட்சம் வரை போகலாம். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25. பெண்கள், பட்டியலினத்தவர், சிறுபான்மையினர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. உங்கள் இடம் ஊராட்சி எல்லையில் வருகிறதா, மாநகராட்சி எல்லையில் வருகிறதா என்பதே பெரிய தொகையை மாற்றிவிடும். வாடகைக்கு இடம் பிடிக்கும் முன் காக்களூரில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாநில அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் 15 லட்சம் வரையான தொழிலுக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம் மானியம் உண்டு.

மானியம் கையில் வரும் பணம் என்று பலர் நினைக்கிறார்கள். மத்திய அரசுத் திட்டத்தில் அது மூன்று வருடம் வங்கியிலேயே வைப்பாக இருந்து, தொழில் நடந்தால்தான் கடனில் கழிக்கப்படும். இடையில் மூடினால் முழுக் கடனும் தலையில்தான். அதனால் விற்றுப் பார்க்காத பொருளுக்குக் கடன் வாங்குவது சரியில்லை என்பது என் கருத்து. முதல் நூறு பீஸைச் சேமிப்பிலிருந்து போடுங்கள். அது விற்று, அந்தப் பணத்திலேயே இரண்டாவது லாட் போட முடிந்தால், அந்தக் கணக்கு நோட்டோடு வங்கிக்குப் போகலாம். தாலிச் செயினை அடகு வைத்து முதல் லாட் தைப்பது துணிச்சல் என்று பாராட்டப்படுவதைக் கேட்கிறேன். அந்தப் பாராட்டு சொல்பவருக்கு இலவசம். வட்டி கட்டும் வீட்டுக்கு அப்படியல்ல.

கடைக்குச் சரக்கைக் கடனாகப் போடுபவர்கள் கவனிக்க: 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் பதிவுள்ள உற்பத்தியாளரிடம் வாங்கியவர், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் கூட்டு வட்டி. அரசின் இணையதளத்தில் புகார் தரலாம். வாய்ப்பேச்சாகச் சரக்குக் கொடுத்தால் புகாருக்கு ஆதாரம் இருக்காது. ஒவ்வொரு கட்டுக்கும் பில் போடுங்கள்.

தைப்பவர் கூலி

சிறிய பிராண்ட் தொடங்குபவர் ஒரே நாளில் முதலாளியும் ஆகிறார். நேற்று வரை கம்பெனியில் பீஸ் ரேட்டுக்காக வாதாடியவர், இன்று பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பீஸ் ரேட் பேச வேண்டியிருக்கிறது. விற்பனை மந்தமானால் முதலில் வெட்டப்படுவது அந்த ரேட்தான். தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர்களுக்கு 2014-ல் அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதிய உயர்வை ஏற்காமல் உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தொழிலாளர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளிக்கும் வரை அவர்கள் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பின் வலி தெரிந்த வட்டாரத்திலிருந்து வரும் பிராண்டுகள் அதே தவறைச் சிறிய அளவில் திரும்பச் செய்யக் கூடாது. அடக்கவிலை போடும்போதே நியாயமான கூலியை முதல் வரியில் எழுதிவிட்டு, அதற்கு மேல் விலை வையுங்கள். அந்த விலைக்கு விற்காது என்றால், அந்தப் பொருளைத் தைக்க வேண்டாம்.

இது நடக்காத காரியமல்ல. ஈரோடு மாவட்டம் புஞ்சை காளமங்கலத்தில் ஐ.டி. வேலையை விட்டு ஊர் திரும்பிய சிவகுருநாதன், ‘நூற்பு’ என்ற பெயரில் கைத்தறி நெசவாளர்களோடு நிற்கிறார். சென்னையின் ‘துலா’ மானாவாரி நாட்டுப் பருத்தியிலிருந்து கைநூற்பு, கைத்தறி, இயற்கைச் சாயம் வரை சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் உரிய கூலி சேரும்படி உடை செய்கிறது. அவர்களின் உடை மலிவல்ல. ஏன் அந்த விலை என்று வாங்குபவருக்குத் தெரியும், அதனால் வாங்குகிறார்கள்.

மழையையும் கணக்கில் வையுங்கள்

தீபாவளியும் பொங்கலும் இந்தத் தொழிலின் அறுவடைக் காலம். அந்த மாதங்களை ஒட்டித்தான் வடகிழக்குப் பருவமழையும் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் நின்று பல சிறு தொழில்கள் இயந்திரங்களை இழந்தன. தரைத்தளத்தில் அட்டைப்பெட்டியில் வைத்த துணி ஒரு இரவில் பாழாகும். ஈரம் பட்ட பெட்டியில் வரும் பூஞ்சைக் கறை சாதாரணத் துவைப்பில் போகாது. சரக்கை மாடியில், தரையிலிருந்து உயர்த்தி, பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். தீ, வெள்ளம் இரண்டுக்கும் சரக்குக் காப்பீடு எடுங்கள். வீட்டு மின் இணைப்பிலேயே ஐந்து பவர் மெஷினை ஓட்டாதீர்கள். குறுந்தொழிலுக்கென்று தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது, மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளலாம். தவறான பிரிவில் ஓட்டினால் அபராதம் வரும். தீ விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

அரசு செய்ய வேண்டிய ஒன்று

தனித்தனியாக ஒவ்வொருவரும் வாங்க முடியாத சில கருவிகள் உண்டு. கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரைந்து அளவு பிரிக்கும் வசதி, பெரிய கட்டிங் மேசை, காஜா–பட்டன் மெஷின், துணியின் சுருக்கத்தையும் சாயப் பிடிப்பையும் சோதிக்கும் சிறு ஆய்வகம். இவை நாள் வாடகைக்குக் கிடைத்தால், நூறு பீஸ் தைப்பவரும் பத்தாயிரம் பீஸ் தைப்பவரின் தரத்தைத் தொட முடியும். குறுந்தொழில் குழுமங்களுக்குப் பொது வசதி மையம் அமைக்க மத்திய, மாநில அரசுகளிடம் திட்டங்கள் இருக்கின்றன. ராணுவச் சீருடை தைத்து ஓய்வு பெற்றவர்களும், ஏற்றுமதி கம்பெனிகளில் சூப்பர்வைசராக இருந்து வீட்டில் இருக்கும் பெண்களும் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பயிற்சியாளர்களாக அமர்த்தி, ஆவடியை ஒட்டி ஒரு ஆடைப் பொது வசதி மையத்தைத் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் அமைக்க வேண்டும். மகளிர் குழுக்களும் ஊராட்சிகளும் கிராமசபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி ஆட்சியரிடம் கொடுக்க முடியும். அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குப் போகும்போது, இந்தக் கோரிக்கையை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.